கெர்னலின் கதை – 11: கம்பி எங்கே போகிறது?

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நெட்பிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி போன்ற இயங்குதளங்களைத் தங்கள் கணினியில் ஏற்றிப் பார்த்தவர்களுக்கு ஒரு வரி மறந்திருக்காது. கெர்னல் ஒவ்வொரு சாதனமாகக் கண்டுபிடித்து, பெயர் சொல்லிக்கொண்டே திரையில் இறங்கி வரும். நெட்வொர்க் கார்டின் முறை வரும்போது, குறுக்கீடு எங்கே வருகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்ற பொருளில் ஒரே ஒரு வரி. அத்தோடு அந்தக் கார்டின் கதை முடிந்தது. கார்டு செருகப்பட்டிருப்பது கெர்னலுக்குத் தெரியும். தயாரித்த நிறுவனம், மாடல் எண், நினைவக முகவரி எல்லாம் தெரியும். அது கூப்பிட்டால் எந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வரும் என்பது மட்டும் தெரியாது.

பிசிஐ பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் சாதனம் தன்னைப் பற்றி ஏறக்குறைய எல்லாவற்றையும் சொல்லிவிடும். தன் குறுக்கீட்டுக் கம்பி மதர்போர்டுக்குள் எங்கே ஓடி எந்தச் சிப்பில் முடிகிறது என்று கேட்டால் பதில் இருக்காது, ஏனென்றால் அதற்கே தெரியாது. தெரிந்தவர் அந்தப் போர்டை வரைந்த பொறியாளர் ஒருவர்தான். அவருக்குத் தெரிந்த விஷயம் கெர்னலுக்கு எப்படி வந்து சேர்ந்தது, எத்தனை முறை தப்பாக வந்து சேர்ந்தது என்பதை இந்த வாரம் பார்க்கலாம்.

இந்தக் கேள்வியே எழாத காலம் ஒன்று இருந்தது. 1981 ஆகஸ்டில் வெளிவந்த ஐபிஎம் பிசியில் இன்டெல்லின் 8259ஏ என்ற ஒரே ஒரு குறுக்கீட்டு கன்ட்ரோலர். அதற்கு எட்டு உள்ளீடுகள். 0 கடிகாரத்துக்கு, 1 விசைப்பலகைக்கு. 2 முதல் 7 வரை ஆறு கம்பிகள் விரிவாக்க ஸ்லாட்டுகளுக்குப் போயின. ஐந்து ஸ்லாட்டுகளிலும் அதே ஆறு கம்பிகள், அதே இடத்தில். எந்த ஸ்லாட்டில் செருகினாலும் 5 என்றால் 5தான். எதைப் பயன்படுத்துவது என்பதைக் கார்டின் மேலிருந்த சிறு ஜம்பர் முடிவு செய்தது. ஜம்பரை மாற்றியவர் மனிதர் என்பதால், அந்த எண்ணை டிரைவரிடம் சொல்லவேண்டியவரும் அவரே.

1984இல் வந்த ஏடி மாடலில் இரண்டாவது 8259 ஒன்றை முதலாவதன் 2ஆம் உள்ளீட்டில் தொங்கவிட்டார்கள். பயன்படுத்தக்கூடிய உள்ளீடுகள் 15 ஆயின. கேட்பதற்கு நிறைய என்று தோன்றினாலும் கடிகாரம், விசைப்பலகை, நிகழ்நேரக் கடிகாரம், கணித இணைச்செயலி, ஃபிளாப்பி, ஹார்டு டிஸ்க் என்று எடுத்துக்கொண்டது போக மிச்சம் கொஞ்சம்தான். தொடர் வாயில்களில் முதலாவதும் மூன்றாவதும் 4ஐயும், இரண்டாவதும் நான்காவதும் 3ஐயும் பங்குபோட்டன. முதல் வாயிலில் மவுஸும் மூன்றாவதில் மோடமும் வைத்தவர், இணையத்துக்கு டயல் செய்ததும் மவுஸ் அம்பு உறைந்துபோவதைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

ஏன் ஒரு கம்பியை இரண்டு கார்டுகள் பகிர முடியவில்லை? பழைய ஐஎஸ்ஏ பஸ்ஸில் குறுக்கீடு என்பது மின்னழுத்தம் கீழிருந்து மேலே தாவும் அந்தக் கணம் மட்டுமே. ஒரு கார்டு ஏற்கெனவே கம்பியை மேலே பிடித்திருக்கும்போது இன்னொன்று தாவினால், அந்தத் தாவல் யாருக்கும் தெரியாது. போதாதற்குப் பெரும்பாலான கார்டுகள் கம்பியைத் தாங்களே பலமாகப் பிடித்து ஓட்டின. இரண்டு சேர்ந்தால் மின்சாரச் சண்டைதான்.

இங்கே கெர்னல் எழுதுபவர்கள் இன்றும் முணுமுணுக்கும் ஒரு பழைய பாவத்தையும் சொல்லியாக வேண்டும். குறுக்கீடோ பிழையோ வந்தால் எந்த நிரலுக்குத் தாவ வேண்டும் என்று செயலிக்குச் சொல்லும் வெக்டர் எண்களில் 0 முதல் 31 வரை தனக்கு வேண்டும் என்று 8086 காலத்திலேயே இன்டெல் ஒதுக்கி வைத்திருந்தது. ஐபிஎம் அதைப் பொருட்படுத்தவில்லை. முதல் எட்டு குறுக்கீடுகளையும் 8 முதல் 15 வரை வைத்தது. பிறகு 80286 வந்தபோது 8ஆம் எண் ‘இரட்டைப் பிழை’க்கும், 13ஆம் எண் பாதுகாப்பு மீறல் பிழைக்கும் போயின. 13 என்பது ஐஆர்க்யூ 5, அதாவது 5ஆம் குறுக்கீட்டுக் கம்பியின் எண்ணும்கூட. செயலி 13ஆம் வாசலில் வந்து நின்றால், நிரல் அத்துமீறியதா, சவுண்ட் கார்டு கூப்பிடுகிறதா? இதனால்தான் பாதுகாப்பு முறையில் ஓடும் எந்த பிசி கெர்னலும் எழுந்தவுடன் 8259ஐ மறுபடி நிரலாக்கி, குறுக்கீடுகளை வேறு எண்களுக்கு நகர்த்துகிறது. லினக்ஸ் அவற்றை 32 முதல் 47 வரை கொண்டுபோய் வைத்தது. லினஸ் டார்வால்ட்ஸின் ஆரம்பகாலத் துவக்க நிரலில் இந்த இடத்தில் ஐபிஎம்மைத் திட்டி ஒரு குறிப்பும் இருந்தது.

பகிர முடியாத சிக்கலுக்கு 1987இல் ஐபிஎம்மே தன் மைக்ரோ சேனல் பஸ்ஸில் விடை கண்டது. மறு ஆண்டு காம்பாக் தலைமையில் போட்டி நிறுவனங்கள் அறிவித்த ஈஐஎஸ்ஏவும் அதைச் செய்தது. தாவலைப் பார்க்காமல் நிலையைப் பார்ப்பது என்பதே அந்த விடை. இது அழுகிற குழந்தையைப் போன்றது. யாராவது வந்து எடுக்கும்வரை அழுகை நிற்காது. இரண்டு குழந்தைகள் சேர்ந்து அழுதால், ஒன்றை எடுத்த பிறகும் சத்தம் தொடரும். கெர்னல் அந்தக் கம்பியில் பதிவு செய்திருக்கும் டிரைவர்களை ஒவ்வொன்றாகக் கேட்டுச் சத்தம் அடங்கும்வரை சுற்றினால் போதும். இரண்டு பஸ்களும் சந்தையில் பெரிதாக நிற்கவில்லை. கருத்து மட்டும் பிசிஐக்குப் போனது.

இன்டெல் உருவாக்கிய பிசிஐயின் முதல் வரையறை 1992 ஜூனில் வெளியானது. ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் ஏ, பி, சி, டி என்று நான்கு குறுக்கீட்டு முனைகள். எல்லாம் நிலை பார்ப்பவை, பகிரக்கூடியவை. ஒரே ஒரு வேலை செய்யும் கார்டு கட்டாயம் ஏ முனையைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது விதி. சந்தையில் பெரும்பாலான கார்டுகள் ஒரு வேலைக் கார்டுகள். எல்லா ஸ்லாட்டுகளின் ஏ முனையையும் ஒரே கம்பியில் கட்டினால் பி, சி, டி மூன்றும் சும்மா கிடக்கும், ஏ நெரிசலில் திணறும். எனவே போர்டு வரைபவர்கள் முனைகளைச் சுழற்றிக் கட்டினார்கள். முதல் ஸ்லாட்டின் ஏ முதல் கம்பிக்கு, இரண்டாவது ஸ்லாட்டின் ஏ இரண்டாவது கம்பிக்கு, ஐந்தாவதுக்கு வந்தால் மறுபடி முதல் கம்பி. சவுண்ட் கார்டு கரகரத்தால் ‘வேறே ஸ்லாட்டுல மாத்திப் போட்டுப் பாரு’ என்று கணினி பூட்டுபவர்கள் சொன்ன ஆலோசனை மந்திரம் போல வேலை செய்ததற்குக் காரணம் இதுதான். ஸ்லாட் மாறினால் கம்பி மாறும்.

ஆனால் இப்படித்தான் சுழற்ற வேண்டும் என்று வரையறை போர்டுக்குக் கட்டளையிடவில்லை. ஒரு பஸ்ஸை இன்னொன்றோடு இணைக்கும் பாலச் சிப்புக்குப் பின்னால் கார்டிலேயே இருக்கும் சாதனங்களுக்கு மட்டும் சாதன எண்ணையும் முனையையும் கூட்டி நான்கால் வகுத்து மிச்சம் காணும் ஒரு சூத்திரம் சொன்னது. மதர்போர்டில் என்ன செய்வது என்பது தயாரிப்பாளர் இஷ்டம். செம்புத் தடங்களை எப்படி வளைத்தால் போர்டு மலிவாகும் என்பது அவர்கள் கவலை.

இந்தச் சுதந்திரத்துக்கு ஈடாக வரையறை கொடுத்தது இரண்டே பைட்டுகள். ஒவ்வொரு சாதனத்துக்கும் 256 பைட் அமைவு வெளி உண்டு. அதில் 61ஆம் பைட், சாதனம் எந்த முனையைப் பயன்படுத்துகிறது என்று சொல்லும். அது சாதனத்துக்குத் தெரிந்த உண்மை. 60ஆம் பைட், அந்த முனை கன்ட்ரோலரின் எந்த உள்ளீட்டில் முடிகிறது என்று சொல்ல வேண்டியது. அதைச் சாதனம் பயன்படுத்துவதே இல்லை. பயாஸ் எழுதி வைக்கும், டிரைவர் படிக்கும், அவ்வளவுதான். அதில் எண்ணை மாற்றி எழுதினால் கம்பி மாறிவிடாது. 255 இருந்தால் ‘தெரியாது’ என்று பொருள். பிசிஐ வரையறை மற்றபடி மிகக் கவனமாக எழுதப்பட்ட ஒன்று. கம்பி வரைபடத்தைச் சாதனமோ போர்டோ ஒரு தரப்படுத்தப்பட்ட வடிவில் சொல்லியாக வேண்டும் என்று அன்றைக்கே விதித்திருந்தால், அடுத்த பதினைந்து ஆண்டு கெர்னல் நிரலில் பல ஆயிரம் வரிகள் மிச்சமாகியிருக்கும் என்பது என் கணிப்பு.

ஆரம்பத்தில் அந்த 60ஆம் பைட்டை நம்பியே எல்லோரும் வண்டி ஓட்டினார்கள். நான்கு பிசிஐ கம்பிகளும் ஒரு வழிமாற்றிச் சிப்புக்குள் போகும். இன்டெல்லின் பீக்ஸ் சிப்பில் 96 முதல் 99 வரை நான்கு ரெஜிஸ்டர்கள்; ஒவ்வொன்றிலும் பழைய பதினைந்தில் ஓர் எண்ணை எழுதினால், அந்தக் கம்பி அந்த ஐஆர்க்யூவில் போய் விழும். பயாஸ் எழுந்தவுடன் இதைச் செய்து, முடிவை 60ஆம் பைட்டில் எழுதி வைக்கும். ஆனால் இயங்குதளமே பார்த்துக்கொள்ளும் என்று அமைப்பில் தேர்ந்தெடுத்திருந்தால் சில பயாஸ்கள் துவக்கத்துக்குத் தேவையான சாதனங்களை மட்டும் கவனித்துவிட்டு மற்றவற்றை விட்டுவிட்டன. மடிக்கணினியில் பாதியில் செருகிய கார்டைப் பற்றி பயாஸுக்கு ஒன்றுமே தெரியாது.

1996இல் மைக்ரோசாஃப்ட் ஒரு வழி சொன்னது. போர்டு தயாரிப்பாளர் தன் கம்பி வரைபடத்தை ஓர் அட்டவணையாக பயாஸ் நினைவகத்தில் வைக்க வேண்டும். தலைப்பில் டாலர் குறியோடு பிஐஆர் என்ற மூன்றெழுத்து. கெர்னல் 16 பைட்டுக்கு ஒருமுறை அந்தக் குறியைத் தேடிக்கொண்டே போகும். கிடைத்தால், ஒரு சாதன இடத்துக்கு 16 பைட் என்று வரிசையாக இருக்கும். பஸ் எண், சாதன எண், நான்கு முனைகளுக்கும் தலா ஓர் இணைப்புக் குறியீடு, அந்த இணைப்பு போகக்கூடிய ஐஆர்க்யூக்களின் பட்டியல், ஸ்லாட் எண். விண்டோஸ் 95இன் இரண்டாம் வெளியீட்டில் டிவைஸ் மேனேஜரைத் திறந்தவர்கள் ‘பிசிஐ ஸ்டியரிங்’ என்ற ஒன்று ஐஆர்க்யூக்களைப் பிடித்துவைத்திருப்பதைப் பார்த்து, ஏதோ மோதல் என்று பயந்தார்கள். அது இந்த அட்டவணையைப் படித்ததன் விளைவுதான்.

அட்டவணையில் ஒரு கண்ணி இருந்தது. இணைப்புக் குறியீட்டுக்கு எல்லோருக்கும் பொதுவான பொருள் கிடையாது. இரண்டு முனைகளுக்கு ஒரே குறியீடு என்றால் அவை ஒரே கம்பி என்று தெரியும். அந்தக் கம்பியைத் திருப்ப எந்த ரெஜிஸ்டரைத் தொடவேண்டும் என்பது வழிமாற்றிச் சிப்பைப் பொறுத்தது. இன்டெல், வியா, எஸ்ஐஎஸ், ஏஎல்ஐ, ஆப்டி ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பழக்கம். லினக்ஸில் இந்த வேலையை 1999–2000இல் எழுதியவர் செக் நாட்டின் மார்ட்டின் மாரெஷ். பிசிஐ சாதனங்களைப் பட்டியலிடும் புகழ்பெற்ற கருவியை உருவாக்கியவரும் அவரே. ஒவ்வொரு சிப்புக்கும் ‘எண்ணைப் படி’, ‘எண்ணை எழுது’ என்று இரண்டு சிறு செயற்கூறுகள், பிழையான அட்டவணைகளுக்கு ஒட்டுப்போட்ட விதிவிலக்குகள் என்று அந்தக் கோப்பு கொழுத்துக்கொண்டே போனது.

நெட்பிஎஸ்டி முகாம் வேறு விதமாக யோசித்தது. அவர்களுக்கு பிசி பல இயந்திரங்களில் ஒன்று. டெக் ஆல்ஃபா கணினியிலும் பிசிஐ உண்டு, ஆனால் அங்கே 8259இன் பதினைந்து எண்களுக்குப் பெரிய அர்த்தமில்லை. சார்ல்ஸ் ஹன்னமும் கிறிஸ் டெமெட்ரியூவும் எழுதிய பிசிஐ நிரலில் டிரைவருக்கு எண்ணே தெரியாது. ‘என் குறுக்கீட்டைக் கண்டுபிடித்துக் கொடு’ என்று டிரைவர் ஒரு செயற்கூறை அழைக்கும். திரும்பி வருவது உள்ளே பார்க்கக் கூடாத ஒரு கைப்பிடி. அதை இன்னொரு செயற்கூறிடம் கொடுத்தால் கையாளும் நிரல் பதிவாகும். மனிதருக்குக் காட்ட வேண்டுமானால் அந்தக் கைப்பிடியைப் பெயராக மாற்றித் தரும் மூன்றாவது ஒன்று. முதலில் சொன்ன அந்த ஒற்றை வரிப் புலம்பல் வருவது இந்த முதல் அழைப்பு தோற்கும்போதுதான். ஆல்ஃபாவில் வரைபடம் எங்கே இருந்தது? சி மொழியில், இயந்திரத்துக்கு ஒரு கோப்பாக. ஆல்ஃபாஸ்டேஷன் 600 வகைக்கான கோப்பில், சாதன எண் இதுவானால் உள்ளீடு இது என்று நேரடியாக எழுதியிருந்தார்கள். அசிங்கமாகத் தோன்றலாம். ஆனால் அந்த இயந்திரத்தை ஒரே நிறுவனம் தயாரித்தது; தகவல் சரியாக இருந்தது. டிரைவர் எழுதியவர் இரண்டு உலகங்களிலும் ஒரே நிரலை ஓட்டினார்.

சன், ஆப்பிள் கணினிகளில் நிலைமை இன்னும் நன்றாக இருந்தது. ஓப்பன் ஃபர்ம்வேர் என்ற 1994ஆம் ஆண்டுத் தரத்தில், இயந்திரம் முழுவதையும் ஒரு மரமாக விவரித்துக் கெர்னலிடம் ஒப்படைத்தார்கள். அதில் குறுக்கீட்டு வரைபடத்துக்கென்றே ஒரு பண்பு 1996இல் வகுக்கப்பட்டது. இன்றைய ஆர்ம் போர்டுகளின் டிவைஸ் ட்ரீ கோப்புகளில் அதே பண்பு அதே பெயரோடு இருக்கிறது. பிசி உலகம் இதைப் பார்த்தும் எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்குள் இரண்டு செயலிகள் கொண்ட போர்டுகள் வந்தன. இரண்டு செயலிகளுக்குக் குறுக்கீட்டைப் பிரித்துக் கொடுக்க 8259ஆல் முடியாது. இன்டெல் ஐஓ-ஏபிக் என்ற புதிய கன்ட்ரோலரைக் கொண்டுவந்தது. அதன் 82093ஏஏ சிப்பில் 24 உள்ளீடுகள். முதல் 16 பழைய உலகத்துக்கு, மிச்சம் பிசிஐக்கு. லினக்ஸில் குறுக்கீட்டுப் பட்டியலைப் பார்த்தவர்கள் 16, 17, 18, 19 என்று எண்கள் தொடங்கியதைக் கவனித்திருப்பார்கள். 60ஆம் பைட்டில் பயாஸ் எழுதியது பழைய 8259 எண் என்பதால் இங்கே அது உதவவில்லை. இன்டெல்லின் பல்செயலி வரையறை இன்னோர் அட்டவணை கேட்டது. குறுக்கீட்டு வரி ஒன்றுக்கு எட்டு பைட்; மூலக் கம்பியைக் குறிக்கும் ஒரே பைட்டுக்குள் சாதன எண்ணையும் முனையையும் பிட் பிட்டாக அடைத்திருந்தார்கள்.

இந்த அட்டவணையில் பிசிஐ வரிகளே இல்லாத போர்டுகளும் சந்தையில் இருந்தன. இங்கோ மோல்னார் முன்னின்று எழுதிய லினக்ஸின் ஐஓ-ஏபிக் பகுதியில் அதற்கு ஒரு துவக்கக் கட்டளை உண்டு. கம்பிகளின் எண்களைப் பயனரே வரிசையாகத் தட்டிக் கொடுக்க வேண்டும். கூடவே வந்த ஆவணத்தில், விசைப்பலகை எழுத்துகளாலேயே ஸ்லாட்டுகளையும் சுழலும் கம்பிகளையும் வரைந்து காட்டியிருந்தார்கள். போர்டு வழக்கத்துக்கு மாறாகக் கட்டப்பட்டிருந்தால் ஊகித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றும் ஒப்புக்கொண்டார்கள். ஜம்பர் காலத்தில் மனிதரிடம் இருந்த வேலை பதினைந்து வருடம் சுற்றி மறுபடி மனிதரிடமே வந்து நின்றது.

தப்பாக ஊகித்தால் என்ன ஆகும்? நிலை பார்க்கும் குறுக்கீட்டின் மறுபக்கம் இங்கேதான் தெரியும். கார்டு கம்பியைப் பிடித்துக்கொண்டு கூப்பிடுகிறது. கெர்னல் அந்தக் கம்பியில் பதிவான டிரைவர்களைக் கேட்கிறது. ‘என்னுடையது இல்லை’ என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஏனென்றால் சரியான டிரைவர் வேறு கம்பியில் காத்திருக்கிறது. கம்பி அடங்காது, குறுக்கீடு உடனே மறுபடி வரும், செயலி வேறெதையும் செய்யாமல் இதிலேயே சுழலும். லினக்ஸ் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. கடைசி 1,00,000 குறுக்கீடுகளில் 99,900ஐ யாரும் ஏற்கவில்லையென்றால், இதை யாரும் கவனிக்கவில்லை என்று அறிவித்துவிட்டு அந்தக் கம்பியை அடைத்துவிடும். அதே கம்பியில் இருந்த அப்பாவி ஹார்டு டிஸ்க்கும் அத்தோடு மௌனமாகும்.

1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் வெளியிட்ட ஏசிபிஐ, அட்டவணை யுகத்தை முடித்துவைக்க வந்தது. அட்டவணைக்குப் பதில் நிரல். போர்டு தயாரிப்பாளர் ஏஎம்எல் என்ற இடைமொழியில் சிறு நிரல்களைத் தருவார். கெர்னல் தனக்குள்ளேயே அதை ஓட்டிப் பார்க்கும். பிஆர்டி என்ற நிரலை அழைத்தால் சாதனம், முனை, போகுமிடம் என்ற பட்டியல் வரும். அதற்கு முன் கெர்னல், தான் பழைய 8259 முறையில் ஓடுகிறதா புதிய ஏபிக் முறையிலா என்று சொல்லியாக வேண்டும். விடை அதற்கேற்ப மாறும். யோசனை நல்லது. ஆனால் தயாரிப்பாளர்கள் விண்டோஸில் ஓடுகிறதா என்று மட்டும் சோதித்து அனுப்பினார்கள். அதனால் ஃபர்ம்வேர் ‘நீ விண்டோஸா?’ என்று கேட்கும்போது லினக்ஸ் இன்றுவரை ‘ஆம்’ என்றே சொல்லிவருகிறது. விண்டோஸ் 2000இலோ பல கணினிகளில் பிசிஐ சாதனங்கள் அனைத்தும் ஐஆர்க்யூ 9இல் குவிந்தன. விதிப்படி அதில் தவறில்லை. பழைய ஜம்பர் காலத்து மெக்கானிக்குகளுக்கு மட்டும் அதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

கம்பியையே எடுத்துவிடும் வழி, 1998 டிசம்பரில் வந்த பிசிஐ 2.2இல் இருந்தது. எம்எஸ்ஐ என்பது அதன் பெயர். சாதனம் கம்பியை இழுக்காமல், ஒரு குறிப்பிட்ட நினைவக முகவரியில் ஒரு சிறு எண்ணை எழுதும். அந்த எழுத்து செயலிக்குள்ளேயே இருக்கும் ஏபிக் கன்ட்ரோலருக்குக் குறுக்கீடாகப் போய்ச் சேரும். முகவரி எது, எண் எது என்பதைக் கெர்னலே சாதனத்துக்குள் எழுதி வைக்கிறது. கம்பி எங்கே போகிறது என்று போர்டு தயாரிப்பாளரைக் கேட்க இனி வேலையில்லை. இன்னொரு பழைய வியாதியும் தீர்ந்தது. சாதனம் தரவை நினைவகத்துக்கு அனுப்பிவிட்டுக் கம்பியை இழுத்தால், தரவு பாலச் சிப்பில் தேங்கி நிற்கும்போதே கம்பிச் செய்தி முந்திவிடலாம். எம்எஸ்ஐ தரவு போன அதே பாதையில் தரவுக்குப் பின்னால் போகிறது, முந்த முடியாது. சாதனத்துக்கு 32 குறுக்கீடுகள் வரை எம்எஸ்ஐ தந்தது. 2004இல் பிசிஐ 3.0 சேர்த்துக்கொண்ட எம்எஸ்ஐ-எக்ஸ் அதை 2,048க்கு உயர்த்தியது. செயலிக்கு ஒரு வரிசை, வரிசைக்கு ஒரு குறுக்கீடு என்று இன்றைய என்விஎம்இ டிஸ்க்குகள் ஓடுவது இதனால்தான்.

எல்லோரும் உடனே மாறிவிடவில்லை. விண்டோஸ் இதை விஸ்டாவில்தான் ஏற்றது. லினக்ஸில் எம்எஸ்ஐ சரியாக வேலை செய்யாத பாலச் சிப்புகளுக்கென ஒரு விலக்குப் பட்டியல் வளர்ந்தது. ஏஎம்டி 8131 அதில் ஒன்று. கம்பியே இல்லாத பிசிஐ எக்ஸ்பிரஸ்கூட, பழைய டிரைவர்களுக்காக ஏ, பி, சி, டி நான்கையும் ‘இழுத்தேன்’, ‘விட்டேன்’ என்ற செய்திகளாக நடித்துக் காட்டுகிறது. அதற்கான வரைபடத்தை ஏசிபிஐ இன்னும் சுமக்கிறது.

குறுக்கீடு வெறும் நினைவக எழுத்தாக மாறியதில் ஒரு புதிய ஓட்டை திறந்தது. நினைவகத்தில் எழுதத் தெரிந்த எந்தச் சாதனமும் அந்த முகவரியில் எதையும் எழுதலாம். மெய்நிகர் கணினி ஒன்றுக்கு நெட்வொர்க் கார்டை நேரடியாக ஒப்படைத்திருந்தால், உள்ளே இருப்பவர் அந்தக் கார்டை ஏவி, வெளியே இருக்கும் கெர்னலுக்குத் தான் விரும்பிய வெக்டரில் போலிக் குறுக்கீடு அனுப்பலாம். 2011இல் ரஃபால் வோய்ட்சுக்கும் யோவானா ருட்கோவ்ஸ்காவும் இதைத் தாக்குதலாகவே செய்து காட்டினார்கள்.

சாதனங்கள் நினைவகத்தைத் தொடுவதைக் கட்டுப்படுத்தும் இன்டெல்லின் விடி-டி தொழில்நுட்பத்தில் இதற்கான தடுப்பு, மறுபடியும் ஓர் அட்டவணை. சாதனம் அனுப்பும் செய்தியில் வெக்டர் இருக்காது, வரிசை எண் மட்டும் இருக்கும். வன்பொருள் அந்த வரிசையைப் பார்த்து, அனுப்பியது அதற்குரிய சாதனம்தானா என்று பஸ் எண்ணையும் சாதன எண்ணையும் ஒப்பிட்ட பிறகே வெக்டரைக் கொடுக்கும். 65,536 வரிசைகள் வரை வைக்கலாம். இந்த முறை அட்டவணையை நிரப்புவது கெர்னலே. இந்த வசதி இல்லாத கணினியில் மெய்நிகர் கணினிக்குச் சாதனத்தை ஒப்படைக்கச் சொன்னால் லினக்ஸ் மறுத்துவிடும். பிடிவாதமாகச் செய்தே ஆகவேண்டும் என்பவர்களுக்கு ஓர் அமைப்பு உண்டு. ‘பாதுகாப்பற்ற குறுக்கீடுகளை அனுமதி’ என்பதுதான் அதன் பெயரே.

(தொடரும்)